கடைசிச் சரணம்

அந்த ராக் குழுவின் முதல் ஆல்பம் முழுக்க, வீட்டை விட்டுப் போன அப்பா மேல் பாடகிக்கு இருந்த கோபம்தான். கடைசிப் பாட்டின் சரணம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. எப்படி எழுதினாலும் வரி உட்காரவில்லை. வெறுத்துப்போய் ஹெட்போனைக் கழற்றி எறிந்தவள், தெருவைச் சுற்றி நடந்துவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குத் திரும்பினாள்.

டிரம்ஸ் வாசிக்கும் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். “பின்னிட்டக்கா! இதை வெச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் எங்க உயிரை வாங்கின?”

“எதை? நான் இப்பத்தானே உள்ள வரேன்.”

“விளையாடாதக்கா. இப்பத்தானே பாடி முடிச்ச.”

ஒலிப்பதிவாளர் போட்டுக் காட்டினார். அவள் குரலேதான். அவள் எழுதாத வரிகளில் அது அப்பாவை மன்னித்துக்கொண்டிருந்தது.

“அழிச்சிடுங்க. நான் அவரை மன்னிக்கல.”

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆல்பம் வெளிவந்ததும் அந்தப் பாட்டுத்தான் ஊரெல்லாம் ஒலித்தது. அதைக் கேட்டுவிட்டு அப்பா பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

முதல் கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சரணம் வந்ததும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, மைக்கை விட்டு விலகி, வாயை இறுக மூடிக்கொண்டாள்.

பாட்டு நிற்கவில்லை. அவள் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது. அப்பா அழுதுகொண்டே கைதட்டினார்.