மறுகரையில் கேட்ட குரைப்பு

மரம் இழுக்கும் முகாமிலிருந்து செண்பகம் என்ற யானை தப்பிவிட்டது. அதைக் கண்டுபிடித்தால் கழுத்துச் சங்கிலியை ஆயுளுக்கும் கழற்றிவிடுவதாக மோப்பநாய் சடையனுக்கு எசமான் வாக்குக் கொடுத்தார்.

மோப்பம் பிடித்துச் சடையன் போய்ச் சேர்ந்தபோது, ஆற்றோர மூங்கில் காட்டில் செண்பகம் நின்றிருந்தது. காலடியில், அப்போதுதான் பிறந்த குட்டி எழுவதும் விழுவதுமாக இருந்தது.

"குரைச்சிடாதே அண்ணே. இவன் நடக்கிறவரைக்கும் பொறு. அப்புறம் நானே வந்துடறேன்."

"நான் பொய்த் துப்புச் சொன்னதே இல்லை, செண்பகம். எனக்கும் விடுதலை வேணும்."

"தெரியும்" என்றது செண்பகம்.

அந்நேரம் குட்டி மறுபடியும் எழுந்தது. அத்தனை பெரிய உடம்பு, நடுங்கும் நாலு கால்களில் நின்றேவிட்டது. சடையனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

தூரத்தில் ஆட்களின் சத்தம் கேட்டது. சடையன் ஆற்றை நீந்திக் கடந்து, மறுகரையில் நின்று தொண்டை கிழியக் குரைத்தது. அத்தனை பேரும் அந்தப் பக்கம் ஓடினார்கள்.