அடியில கிடந்த குண்டு

பிளாட்பாரக் கடையில மூணு பழைய புத்தகம் ஒண்ணு மேல ஒண்ணா கிடந்துச்சு. அடியில கம்ப்யூட்டர் நெட்வொர்க் பத்தின குண்டுப் புத்தகம், நடுவுல அமெரிக்கன் ஃபுட்பால், உச்சியில சிறுவர் சாகசக் கதை.

குண்டுக்கு முதுகு விட்டுப்போச்சு. "உலகத்தையே இணைக்கிறவன்டா நான். என்னை ஒருத்தனும் தொட மாட்டேங்கறான்."

"என்னைப் பாரு"ன்னுச்சு ஃபுட்பால். "கையில தூக்கிட்டு ஓடறதுக்குப் பேரு ஃபுட்பாலான்னு சிரிச்சிட்டு வெச்சிட்டுப் போறானுங்க."

சாகசம் மட்டும் அலட்டுச்சு. "பூதக் குகைக்குள்ளயே தனியாப் போனவன் நான்!"

அப்ப ஒருத்தர் வந்து, "நெட்வொர்க் புக் இருக்கா?"ன்னார். சோம்பேறிக் கடைக்காரர் மேல இருக்கிறதை எடுக்காம குண்டைப் புடிச்சு உருவினார். அடுக்கு ஆடுச்சு. பக்கத்துலயே சாக்கடை.

"அண்ணே, போகாதண்ணே! விழுந்தா செத்தேன்!"னு சாகசம் அலறுச்சு.

குண்டு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கீழே விரிச்ச சாக்கை இறுக்கிப் புடிச்சுக்கிச்சு.

"வரமாட்டேங்குது சார்"ன்னார் கடைக்காரர். வந்தவர் போயிட்டார்.

அடுக்கு ஆட்டம் நின்னுச்சு. அப்புறம், "குகைக்குள்ள ஒரே இருட்டு..."ன்னு சாகசம் மறுபடி ஆரம்பிச்சுது.

குண்டு பெருமூச்சு விட்டுச்சு. "ம்... சொல்லுடா தம்பி. அப்புறம் என்னாச்சு?"