ரவுண்டா ஐம்பதாயிரம்

“நீ எங்க பக்கமா, மேனேஜ்மென்ட் பக்கமா?” என்று கேட்டார் தலைமை நர்ஸ். இருபத்தாறு வருஷம் பிரசவ வார்டில் யாரிடமும் குரல் உயர்த்தாதவருக்கு, இன்று ஒருத்தியைப் பளாரென்று அறையலாம் போலிருந்தது.

அந்த ஒருத்தி கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் புள்ளிவிவரம் பார்க்கிறவள் என்பதால் எல்லாருக்கும் அவள் ‘புள்ளி’.

விஷயம் இதுதான். பிரசவ வார்டை மூடப்போகிறார்கள். ஐம்பதாயிரம் பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தால் நகரசபை மறுபடி விசாரிக்கும்; இன்று மாலை ஐந்து மணிதான் கெடு. மனுப் பக்கம் தலைவைத்துப் படுக்கிற ஊழியரின் சீட்டைக் கிழித்துவிடுவோம் என்று நிர்வாகம் மிரட்டியிருந்தது. அதனால் நர்ஸும், ஆம்புலன்ஸ் டிரைவரும், மருந்து கவுன்ட்டர்காரரும் காதும் காதும் வைத்த மாதிரி தாள்களை வெளியே அனுப்பி, தெருத் தெருவாக நிரப்பி வாங்கினார்கள்.

அரை மணிக்கு முன்னால்தான் புள்ளி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுருக்க அட்டவணை எடுத்தாள். மொத்தம்: 50000. டிரைவர் விசிலே அடித்துவிட்டார். மருந்துக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இவள் சும்மா இருந்தாளா? இவ்வளவு ரவுண்டாக வராதே என்று எதையோ மாற்றி மறுபடி எடுத்தாள். மொத்தம்: 49996.

இந்த மென்பொருளுக்கு அது பழக்கமாம். எண் பெரிதாகிவிட்டால் முன்னால் இருக்கும் இலக்கங்களை மட்டும் மதித்து, வாலை ரவுண்டாக்கிக் காட்டிவிடுமாம்.

மிஷினே ஐம்பதாயிரம் என்கிறது, அந்த அட்டவணையையே மேலே வைத்துக் கொடுத்துவிடலாம் என்றார் டிரைவர்.

“காட்டுறதுதான் ரவுண்டு. நகரசபைல கையெழுத்தத்தான் எண்ணுவாங்க” என்றாள் புள்ளி. ஒரு எண் பொய்யென்று தெரிந்தால் அத்தனை பேர் கையெழுத்தும் குப்பைக்குப் போகும் என்றாள்.

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வார்டை மூடினால் இடுப்புவலி எடுத்தவள் ஒன்றரை மணி நேரம் வண்டியில் கிடக்கவேண்டும். போய்ச் சேருவாளோ, வழியிலேயே போய்விடுவாளோ. இவளுக்கு என்னடாவென்றால் எண் சுத்தமாக இருக்கவேண்டுமாம்.

“நாலே நாலு. அதுக்காக எல்லாத்தையும் கவுத்துடுவியா?”

மணி நாலரை. டிரைவர் செருப்பை மாட்டினார். தெருவில் போகிற யாராவது நாலு பேரைக் கையைப் பிடித்து இழுத்து வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

அவர் வாசலைத் தாண்டுமுன் புள்ளி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். வெளியில் ஆள் தேடவேண்டாம் என்றாள். புதுத் தாள் ஒன்றை மேஜையில் வைத்தாள்.

முதல் வரியில் அவளுடைய முழுப்பெயரும் கையெழுத்தும் இருந்தன. பக்கத்திலேயே, யாரும் கேட்காத ஊழியர் எண்ணையும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். நர்ஸ் அதை இரண்டு தடவை படித்தார்.

புள்ளி பேனாவை நீட்டினாள்.

“இப்ப மூணுதான் குறையுதுக்கா. நீங்க மூணு பேரும் இன்னும் போடல.”