பாண்டியன் கொடுத்த சாம்பிள்

“நேத்து குடுத்தது உங்களோடது இல்ல. சரிதானே அண்ணா?”

லாவண்யா கேட்டதும் பாண்டியன் தரையைப் பார்த்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனி. கேன்டீன் ஓரமாக மேசை போட்டு இரண்டு நாள் கிட்னி பரிசோதனை முகாம். ஒரு சொட்டுச் சிறுநீரைப் பட்டையில் விட்டு, கையடக்கக் கருவியில் செருகினால் போதும். உள்ளே இருக்கும் சென்சார் அதில் புரதம் எவ்வளவு என்று ஒரே நிமிடத்தில் காட்டிவிடும். லாவண்யாவும் நண்பர்கள் இரண்டு பேரும் மூன்று வருஷம் மெனக்கெட்டுச் செய்த கருவி.

நேற்று பாண்டியன் பெயரில் புரதம் எக்கச்சக்கம். உறுதி செய்துகொள்ள இன்று கூப்பிட்டுப் பார்த்தால், புரதம் துளிகூட இல்லை. புதுப் பட்டை போட்டு மறுபடியும் பார்த்துவிட்டாள். ஒன்று கருவி பொய் சொல்லியிருக்க வேண்டும், இல்லை இந்த ஆள் சொல்லியிருக்க வேண்டும்.

சூப்பர்வைசர் கோவிந்தராஜ் எழுந்து வந்தார்.

“வியாதின்னு சீட்டு வாங்கினா ஒரு மாசம் லைட் டூட்டி. அதுக்குத்தான் மேடம். யாரோடதையோ கொண்டாந்து குடுத்துகீறான். இன்னாடா, வாயத் தொறக்க மாட்டியா?”

“லைட் டூட்டிக்கு இல்ல சார்.”

“பின்ன?”

“அது அங்கம்மா அக்காவோடது.”

ஷெட் பெருக்குகிற அங்கம்மா. கான்ட்ராக்ட் ஆள். முகாம் பெர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும், அதுவும் ஆளுக்கு ஒரு டெஸ்ட்தான் என்று கம்பெனி கறாராகச் சொல்லியிருந்தது.

“ஒரு மாசமா கால் வீங்கிகினு கீது மேடம். கேட்டா, நின்னுகினே வேல செய்றதாலன்னு சொல்லும். ஆஸ்பத்திரிக்குப் போன்னா போவாது. எனக்கு எதுக்கு டெஸ்ட்டு, நான் நல்லாத்தான் கீறேன். அதான் என் பேர்ல அக்காவோடத குடுத்தேன்.”

லாவண்யாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. கருவி பொய் சொல்லவில்லை என்ற நிம்மதி வேறு.

“இப்பவே கண்டுபிடிச்சது நல்லதாப் போச்சு. உடனே மருந்து ஆரம்பிச்சா இதுக்கு மேல மோசமாகாம பாத்துக்கலாம். அவங்கள கூட்டிட்டு வாங்கண்ணா. டாக்டர்கிட்ட நானே அழைச்சிட்டுப் போறேன்.”

பாண்டியன் ஷெட்டைப் பார்த்து ஓடினான்.

கோவிந்தராஜ் மட்டும் நகரவில்லை.

“இருந்தாலும் ரூல்னு ஒண்ணு கீது இல்ல மேடம். ஆளாளுக்கு இப்படிப் பண்ணா...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார். குரல் இறங்கியது.

“நேத்து என் பேர்ல குடுத்தது நம்ம வாட்ச்மேன் அமல்ராஜோடது. அவருக்கு இன்னா வந்துகீதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?”