செல்லியின் அட்டை

மலை ஏறி வந்த வேன் புளியமரத்தடியில் நின்று இரண்டு முறை ஹாரன் அடித்தது.

வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள்.

டிரைவர் அருள்மணி இறங்கி ஆஸ்பத்திரித் தாளை உரக்கப் படித்தார். செல்லி, வயது முப்பத்தெட்டு, கணவர் கோபால்சாமி.

கோபால்சாமி வந்து, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

அவனுக்குப் பின்னால் செல்லி நின்றுகொண்டிருந்தாள்.

வேனுக்குள் இருந்தது அவளுடைய தங்கை கல்பனாவின் உடல்.

கல்பனாவின் புருஷன் சதீஸ்குமார் கூட்டத்தோடு கூட்டமாகப் பத்தடி தள்ளி நின்றான். அந்தத் தாளில் அவன் பெயர் எங்கேயும் இல்லை. பெண்டாட்டியை இறக்கக்கூட, கோபால்சாமி கூப்பிட்ட பிறகுதான் வந்து கை கொடுத்தான்.

அவனுக்குத் திருப்பத்தூரில் செல்போன் கடை. அரசாங்கக் காப்பீட்டு அட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது சிரித்தவன். அதை வைத்துக்கொண்டு போனால் தரையில்தான் பாய் போடுவார்கள் என்று செல்லியைக் கேலி செய்வான். தனியார் கம்பெனியில் கல்பனாவுக்கென்றே ஒரு பாலிசி போட்டு, தேதி தவறாமல் பணம் கட்டினான்.

இதய வால்வு கெட்டு கல்பனா மூச்சுக்குத் திணறியபோது கம்பெனி பதில் அனுப்பியது. இது பாலிசிக்கு முன்பே இருந்த நோய். மூன்று வருடம் முடிந்தால்தான் பணம் தருவோம்.

முடிந்திருந்தது ஒரு வருடம்.

புது அட்டைக்காக வருமானச் சான்று வாங்க அலைவதற்கு நாள் இல்லை.

செல்லிக்கும் அதே மாதம் ஆபரேஷன் தேதி கொடுத்திருந்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி. தள்ளிப்போடாதே என்று டாக்டரம்மா இரண்டு முறை எச்சரித்திருந்தார்.

அவள் தகரப்பெட்டியைத் திறந்து தன் அட்டையை எடுத்தாள். முதலில் நீ போய்விட்டு வா, அப்புறம் நான் போகிறேன் என்று தங்கையின் கையில் வைத்தாள்.

அட்டைக்குப் போட்டோ எடுத்துப் பத்து வருடம் இருக்கும். அக்கா தங்கைக்கு ஒரே முகஜாடை. ஆஸ்பத்திரியில் கைரேகை மட்டும் சேரவில்லை. மலைக்காரர்களுக்கு எப்போதுமே சேராது; புளி உடைத்து உடைத்து விரல் தேய்ந்திருக்கும். மேஜையில் இருந்தவர் மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, போட்டோவைப் பார்த்து உள்ளே அனுப்பிவிட்டார்.

கல்யாணமாகி இறங்கிப்போன நாளிலிருந்து கல்பனா புளியைத் தொட்டதே இல்லை. அவளுடைய விரலை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். நான்காம் நாள் காய்ச்சல். ஆறாம் நாள் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பைசா கேட்கவில்லை. வேன்கூட இலவசம்.

உண்மையைச் சொன்னால் மோசடி வழக்கு வரும். புருஷன் என்று கையெழுத்துப் போட்ட கோபால்சாமிதான் முதலில் உள்ளே போவான். ஊர் நேற்றே கூடிப் பேசி முடித்துவிட்டது.

பெண்கள் உடலைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். பேர் சொல்லி அழுவதுதான் இங்கே வழக்கம். இன்று ஒருத்தி வாயிலிருந்தும் பேர் வரவில்லை.

அருள்மணிக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது செல்லிதான். குடித்துவிட்டு அவர் அவளையே பார்த்தார்.

"அவங்களுக்கு நீங்க இன்னா வேணும்மா?"

"தங்கச்சிங்க."

அதுதான் அப்படியே இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு, வேனைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போனார்.

செல்லி காலிச் சொம்போடு நின்றாள். அடிவயிற்றில் கட்டி இழுத்தது. அழுகை வரவில்லை. இனி எந்த மேஜையில் அந்த அட்டையை நீட்டினாலும், அதற்கு உரியவள் இறந்துவிட்டாள் என்றுதான் கம்ப்யூட்டர் காட்டும்.

சதீஸ்குமார் பக்கத்தில் வந்து நின்றான். கையில் செல்போன். எதையோ மேலும் கீழும் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"கல்பனா பாலிசி இன்னும் உயிரோடதான் கீது அண்ணி. அதுல உங்க கட்டிக்குத்தான் ரெண்டு வருசம் பொறுக்கணும்."