நாரை சொன்ன லத்தீன்

ஐப்பசி மழையோடு தூர தேசத்திலிருந்து வந்திறங்கிய நாரைக்கு அகோரப் பசி. குளம் நிறையத் தவளைகள்தான். ஆனால் நாரையின் நிழல் விழுந்ததுமே எல்லாம் கோரைக்குள் பதுங்கி வாயை மூடிக்கொண்டன. கத்தினால்தானே இருக்கிற இடம் தெரியும்?

நாரை குரலைக் குழைத்தது. "தம்பிகளா, நான் வந்த பக்கம் லத்தீன்னு ஒரு பழைய மொழி. உங்க சத்தத்துக்கு எந்தச் சொல்லும் ஈடாகலைன்னு, அந்தச் சத்தத்தையே வினைச்சொல்லா ஆக்கிட்டாங்க. 'கோவாக்ஸாரே'! கோவாக்ஸ்னு கத்துறதுன்னு அர்த்தம்."

கோரைக்குள் ஒரு தவளைக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நிஜமாவா அண்ணே? என் குரலா? கோவாக்ஸ்!"

நாரை மெல்ல ஒரு காலைத் தூக்கியது.

"உன் குரலா? அது என் குரல்டா! கோவாக்ஸ்!" என்றது பக்கத்துத் தவளை.

"உங்க ரெண்டு பேருக்கும் தொண்டைன்னு ஒண்ணு இருக்கா?" என்று எதிர்க்கரையிலிருந்து இன்னொன்று முழங்கியது. அவ்வளவுதான், குளமே உரிமை கொண்டாடக் கிளம்பிவிட்டது. எந்தப் பக்கம் கொத்துவது என்று நாரைக்குத் தெரியவில்லை.

பசிக்காகச் சொன்ன புகழ்ச்சி அது. அந்தச் சத்தத்துக்கு எந்தச் சொல்லும் ஈடாகாது என்பது உண்மைதான் என்று, இப்போது காதில் விழும்போதுதான் நாரைக்கே புரிந்தது. தூக்கிய காலைக் கீழே வைக்க மறந்து, வெறும் வயிற்றோடு கேட்டுக்கொண்டே நின்றது.