ஹாஜி தொடாத தட்டு

"இந்தத் தட்டும் அப்படியே திரும்பி வந்திருக்கு. ஒரு வாய்கூட வைக்கலை. யம்னா, இதுல என்னத்தைப் போட்டுத் தொலைச்சே?"

சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள் லல்லா கெல்தூம். ஃபெஸ் நகரத்துப் பழைய சந்து ஒன்றில் இருக்கும் அந்த முற்றத்து விடுதி அவளுடையது. யம்னா அங்கே சமையல்காரி.

"கோழி, எலுமிச்சை ஊறுகாய், ஆலிவ் காய். வேற என்ன போடுவாங்க? கல்லா போடுவாங்க?"

"நேத்து ராத்திரி சூப் திரும்பி வந்துச்சு. காலையில ரொட்டி வந்துச்சு. டீயைக்கூடத் தொடலை. அந்த மலைக்காரக் கிழவர், ஹாஜி ஹத்து, போன குளிர்காலத்துல இங்கே தங்கினப்போ தட்டை வழிச்சுத் துடைச்சவர்தானே? இப்ப பையிலேர்ந்து காஞ்ச அத்திப்பழத்தை எடுத்துக் கொறிச்சுக்கிட்டு முற்றத்து நடுவுல உக்காந்திருக்கார். பக்கத்து அறைக்காரங்க பாத்துட்டாங்க. நாங்களும் வெளியில சாப்பிட்டுக்கறோம்னு சொல்லிட்டாங்க."

யம்னாவுக்குப் புரிந்துவிட்டது. சாப்பாட்டில் மருந்து வைக்கிறாள் என்ற பேச்சு மட்டும் கிளம்பிவிட்டால், அந்த ஊரில் எவளும் அவளைத் தன் அடுப்புப் பக்கம் விடமாட்டாள். விடுதிக்கும் பூட்டுதான்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, கூஸ்கூஸ். அதையும் அவர் தொடலைன்னா நீ மூட்டையைக் கட்டிடு. எனக்கு என் விடுதி முக்கியம்."

புருஷன் இறந்ததிலிருந்து விடுதியின் கோதுமை மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான் யம்னாவுக்குப் படுக்கை. அதை விட்டால் போக இடமில்லை. மறுநாள் கோதுமை ரவை கூஸ்கூஸைத் திரும்பத் திரும்ப ஆவியில் ஏற்றி, சூட்டோடு கையால் உதிர்த்தாள். பூசணியும் கொண்டைக்கடலையும் மேலே குவித்து, குழம்பை ஊற்றினாள்.

ஜும்மா தொழுகை முடிந்து ஹாஜி வந்து முற்றத்து ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்தார். யம்னாவே தட்டைக் கொண்டுபோய் எதிரில் வைத்தாள். கெல்தூமும் பின்னாலேயே வந்து நின்றாள்.

"எடுத்துட்டுப் போ," என்றார் ஹாஜி.

"ஏன், கூஸ்கூஸ் உங்களை என்ன பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணலை. பூசணி நல்லா வெந்திருக்கு. வாசனை வாசல் வரைக்கும் வருது. எடுத்துட்டுப் போ."

யம்னா ஒரு பிடி எடுத்து, உருட்டித் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினாள். "பாத்துக்கங்க. சாகலை. இப்ப சாப்பிடுங்க."

"நீ தின்னா என் வயிறு நிறையுமா?"

"அத்திப்பழமா தின்னு மூஞ்சியும் காஞ்ச அத்திப்பழம் மாதிரி ஆயிடுச்சு. அந்த மூஞ்சிக்கு அதுவே ஜாஸ்தி."

கிழவர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். "போன வருஷம் இருந்த நாக்கு இன்னும் அப்படியேதான் இருக்கு."

கெல்தூமுக்குப் பொறுக்கவில்லை. "ஹாஜி, மூடி மறைக்காம கேக்கறேன். இவ மருந்து வச்சிருப்பாளோன்னு சந்தேகமா? சொல்லிடுங்க. இப்பவே அனுப்பிட்டு வேற ஆளை வச்சுச் சமைச்சுப் போடறேன்."

"சந்தேகம் எனக்கு எல்லார் மேலயும் உண்டு. பால்காரன் மேல உண்டு. உன் மேல நிறையவே உண்டு. இவ மேல இல்லை."

"அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்? வாயைத் திறந்து கேளுங்க, தர்றேன். என் வாசலை விட்டு நீங்க பட்டினியாப் போகக் கூடாது."

"கேக்கத்தான் வந்தேன். வந்ததிலேர்ந்து தொண்டை வரைக்கும் வருது, அப்புறம் உள்ளே போயிடுது." ஹாஜி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துட்டா. பசங்க ஆளுக்கொரு ஊர்ல. எனக்காகப் பேச யாரும் இல்லை, நானே வந்துட்டேன். இவளுக்கும் கேக்கறதுக்குன்னு நீ ஒருத்திதான் இருக்கே. பொண்ணு கேட்டு வந்த வீட்டுல, சம்மதம்னு ஒரு வார்த்தை காதுல விழாம கை நனைக்கிறது எங்க மலைப்பக்கம் வழக்கமில்லை."

யம்னா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டாள்: "உங்க வீட்டு அடுப்பு புகையுமா?"

"புகையும். வேற கட்டிக்கலாம்."

தன் சமையல்காரி கையை விட்டுப் போகிறாள் என்பது அப்போதுதான் கெல்தூமுக்கு உறைத்தது. "கொஞ்சம் பொறுங்க ஹாஜி, அந்தத் தட்டைத் தொட்டுடாதீங்க," என்று பதறிப்போய்க் கையை நீட்டினாள்.

யம்னா அதற்குள் தட்டை அவர் பக்கம் நகர்த்தி, "ஆறுது, சாப்பிடுங்க," என்றாள்.